முதுகுப் பக்கம் நிற்கும் டாக்டர்

மயக்க மருந்து டாக்டரை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஞாபகம் இருந்தால் அன்றைக்கு எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதிலும் பிரசவ வலிக்கு எபிடியூரல் போடுகிறவள் பாடு இன்னும் மோசம். நான் நிற்பதே முதுகுப் பக்கம். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எலும்புகளுக்கு நடுவே ஊசி குத்தி, அதன் வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிடுவேன். அப்புறம் குழாய் வழியாக மருந்து போகும். வலி இறங்கும், குழந்தை பிறக்கும், லட்டு டப்பா வரும். பிரசவம் பார்த்த டாக்டருக்கு லட்டு, சிஸ்டர்களுக்கு லட்டு, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் லட்டு. என்னைப் பார்த்து, "நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்பார்கள்.

கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்ப்பவர், பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பவர், தண்ணீர்த் தொட்டியில் வால்வு திருப்புகிறவர் என்று, வேலை ஒழுங்காக நடக்கும் வரை யார் கண்ணிலும் படாத எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் குறுக்கே பேசக்கூடாது.

நான் திருவனந்தபுரத்து ஆரியசாலைக்காரி. அப்பாவுக்கு அங்கே மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ். வேலை பார்ப்பதும் அதே ஊரில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில். எங்கள் பிரசவ அறையில் எல்லா மொழியும் கேட்கும். வலி உச்சத்துக்கு வரும்போது மட்டும் அவரவர் அம்மாவிடம் பேசிய மொழி வெளியே வந்துவிடும். அதை வைத்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன்.

ரோடும் ஊசியும்

தம்பானூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் ஆட்டோவில் போனேன். டிரைவர் பாலராமபுரத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், ஆட்டோவை ஓரங்கட்டாத குறை. அவர் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது யாரோ முதுகில் ஊசி போட்டார்களாம், அன்று தொடங்கிய முதுகுவலியாம். பையன் இப்போது பத்தாம் வகுப்பு.

வீட்டில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். கீழே குழாயடியிலிருந்து மாடிக்குக் குடம் குடமாக அவள்தான் சுமக்கிறாள் என்றார். குழந்தை பிறந்த பிறகு முதுகு வலிப்பது ஊசி போடாதவர்களுக்கும் உண்டு, பிள்ளையைத் தூக்குவதிலும் குனிந்து பால் கொடுப்பதிலும் வருவது அது, குத்தின இடம் சில நாள் வலித்துவிட்டுச் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இறங்கும்போது அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சில்லறை எடுத்தார். "உங்களுக்கும் முதுகுவலியா, உங்களுக்கு யார் ஊசி போட்டது?" என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் வந்தது.

"அது வேற மேடம். எனக்கு ரோடு, அவளுக்கு ஊசி."

கதவு

ராஜி என்று ஒரு பெண். கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருவில் வீடு. ஏழாம் மாத வயிற்றோடு என் அறைக்கு வந்தாள். வழக்கமாக என்னிடம் யாரும் அவ்வளவு முன்னாடி வருவதில்லை. ஸ்டெல்லா சிஸ்டர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். பிரசவ அறைக்குப் பொறுப்பு அவர். பாறசாலைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு, மற்ற நாள் எங்களுக்குப் பாட்டு.

ராஜிக்கு முதல் பிரசவம் வேறு ஒரு ஊரில், கணவன் வேலை பார்த்த இடத்தில். எபிடியூரல் வேண்டும் என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். மயக்க மருந்து டாக்டர் தியேட்டரில் இருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசி வரை யாரும் வரவில்லை. "வலியை மறந்துட்டேன் டாக்டர். அந்தக் கதவைத்தான் மறக்க முடியலே. திறக்கறச்சேயெல்லாம் அந்த மயக்க டாக்டர்தான்னு நினைச்சுப் பார்த்தேன். ஒரு தடவை துடைப்பம் வந்தது, ஒரு தடவை டீ வந்தது," என்றாள். அதற்கப்புறம் பல வருஷம் இரண்டாவது குழந்தை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லையாம். இப்போதும் தூக்கத்தில் அந்தக் கதவு வருகிறதாம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வருவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. அவசர சிசேரியன் வந்தால் அதுதான் முதலில். எபிடியூரல் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இன்னொரு ஊர் டாக்டர் மேலும் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் அவளுக்கு விளக்கிவிட்டு, வாய் மூடுவதற்குள், "உனக்கு நான் வருவேன்" என்றும் சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு ஸ்டெல்லா சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், நீங்க இப்பம் சொன்னது மருந்து இல்ல. ஆனா அந்தப் பிள்ளைக்கு இப்பமே பாதி வலி போயாச்சு. மீதிக்கு நீங்கதான் ஓடணும்."

அரை மணி கூட்டிப் போடுங்க

எங்கள் ஆரியசாலையிலிருந்து ஒரு அண்ணாச்சி மருமகளைக் கொண்டு வந்து சேர்த்திருந்தார். புளி வியாபாரி. அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் எனக்குக் கூடுதல் தொல்லை. மருமகளுக்கு எபிடியூரல் போட்டு, அவள் முகம் தெளிந்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னை வராந்தா மூலைக்குக் கூப்பிட்டார். ஆயில்ய நட்சத்திரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, ஆயில்யத்தில் பெண்குழந்தை பிறந்தால் அதன் மாமியாருக்கு ஆகாது, அதனால் ஊசி மருந்தைக் கூட்டிப் போட்டுப் பிரசவத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார்.

பிறக்காத குழந்தை. ஆணா பெண்ணா என்று தெரியாது. அதற்கு எங்கோ ஒரு மாமியார் வரப்போகிறாள், அவள் உடம்புக்காக இங்கே பேரம். மருந்து வலியைத்தான் நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது என்றேன். "ஒரு மணி நேரம் கேக்கலம்மா, அரை மணி போதும்," என்று இறங்கி வந்தார். அதற்கும் வழியில்லை என்றதும், "சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், கால் மணி," என்றார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண்குழந்தை, ஆயில்யத்தில்தான். அண்ணாச்சி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா சிஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து நீட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு எனக்குச் சமாதானம் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. ஆசுபத்திரிக் கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு சோசியர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

ஒரு பக்கத்து டிக்கெட்

எல்லா எபிடியூரலும் முதல் தடவையே முழுதாக வேலை செய்துவிடும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு அரசு பஸ் கண்டக்டர் வந்திருந்தாள், பாறசாலைப் பக்கத்துப் பெண். நல்ல வாட்டசாட்டம், அதைவிட நல்ல தொண்டை. வலியில் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி தன் வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி போடும்போது மட்டும் சொன்னபடி முதுகை வளைத்து, தாடையை நெஞ்சில் வைத்து, அசையாமல் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு வலி வந்தபோதுகூட ஸ்டெல்லா சிஸ்டர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளே தவிர அசையவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, வலி எப்படி என்று கேட்டேன். இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வலது பக்கம் அப்படியே இருக்கிறது என்றாள். இது நடப்பதுதான். குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அவளை வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மறுபடி மருந்து கொடுத்தேன். இந்த நேரத்தில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஞாபகமும் வைத்துக்கொள்வார்கள். அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். அப்புறம் மெல்லச் சிரிப்பு வந்தது.

"இப்பம் சரி மேடம். முதல்ல பாதி பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் கொடுத்திருந்தீங்க."

சத்தமில்லாத அறை

பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் சத்தத்தை வைத்துத்தான் நேரத்தைக் கணிப்பார்கள். லேசான முனகல் என்றால் காபி குடித்துவிட்டு வரலாம். அலறல் என்றால் ஆரம்பித்துவிட்டது. அழுகை என்றால் முடிந்துவிட்டது. எபிடியூரல் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது.

ஒரு நாள் ஒரு அம்மா கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். நாகர்கோவிலிலிருந்து மகள் பிரசவத்துக்காக வந்தவர். உள்ளே சத்தமே இல்லையே, என் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கண்ணீர் வடிக்கிறார். ஸ்டெல்லா சிஸ்டர் அவரை உள்ளே கூட்டிவந்து காட்டினார். மகள் மருந்து ஏறி, வாயை லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெஷினில் குழந்தையின் இதயத் துடிப்பு குதிரை ஓடுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நின்று நின்று பார்த்தார். "எனக்கெல்லாம் இப்பிடி யாரு குடுத்தா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஸ்கேனுக்கு வந்திருந்த ராஜியும் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அந்த அம்மாவுக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. சிஸ்டரின் காதோடு போய்ச் சொன்னார்.

"எழுப்பி ஒரு தடவை கத்தச் சொல்லுங்க. வெளிய சம்மந்தி வீட்டுக்காரங்க இருக்காங்க."

பாசம்

ராஜியின் மாமியார் சாரதா மாமி. ஒன்பதாம் மாதத்தில் ராஜியோடு அவரும் வந்தார். வைர மூக்குத்தி, கையில் மடக்கிய குடை, முழங்காலில் பிடிப்பு. நாற்காலியில் உட்காரும்போது ஒரு "அம்மாடி", எழும்போது ஒரு "அம்மாடி". எபிடியூரல் கூடாது என்பது அவர் கட்சி. முதுகெலும்பில் கை வைக்கக்கூடாது என்பதில் ஆரம்பித்து, தான் மூன்று பெற்றதில் முடித்தார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ரத்த அழுத்தம் குறையலாம், பார்த்துக்கொள்வோம். சிலருக்குத் தலைவலி வரலாம், அதற்கும் வைத்தியம் உண்டு. சரிப்பட்டு வராதவர்களுக்குப் போடவே மாட்டோம். ஒன்றையும் மறைக்கவில்லை. மாமி அசையவில்லை. கடைசியில் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"வலி தெரியாமப் பெத்தா குழந்தைகிட்டே பாசம் எங்கேர்ந்து வரும், சொல்லுங்கோ பார்ப்போம்," என்றார். ராஜிதான் தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள், "அப்போ உங்க பிள்ளைக்கு நம்ம நந்துகிட்டே பாசம் இல்லையாம்மா? அவர் எந்த வலியும் படலையே." நந்து அவளுடைய மூத்த பையன். மாமி குடையை ஊன்றி எழுந்துகொண்டார். அம்மாடி என்றார். கோபித்துக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவனுக்குப் பாசம் உண்டு. பொறுப்புதான் கிடையாது. அதாக்கும் சங்கதி."

பொங்காலை

கும்ப மாதத்துப் பொங்காலை எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசியில் பெண்கள் அம்மனுக்கு வைக்கும் பொங்கல் அது. ஆற்றுகால் கோயிலில் அடுப்பு மூட்டியதும் அந்த நெருப்பு கைமாறிக் கைமாறி ஊர் முழுக்க வரும். ரோடு முழுக்க மூன்று மூன்று செங்கல் அடுப்பு, அதன்மேல் புது மண்பானை, பக்கத்தில் ஒரு பெண். பச்சரிசி, வெல்லம், தேங்காய். பானை பொங்கி வழிய வேண்டும், கிழக்கே வழிந்தால் விசேஷம். பிற்பகலில் பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும் வரை அடுப்பை விட்டு யாரும் எழுந்து போவதில்லை. வண்டி ஒன்றும் ஓடாது. அதனால் நிறைமாதக்காரர்களை முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம். ராஜியும் அப்படித்தான் முதல் நாள் சாயங்காலம் வந்து படுத்தாள். கூட அவள் அம்மா இருந்தார்.

அன்று எனக்கு லீவு. மருந்தை எடை பார்த்து அளந்து கொடுக்கிறவள்தான் நான். ஆனால் பொங்காலை என்று வந்துவிட்டால் என் அம்மாவின் மகள். கோட்டை மதில் ஓரமாக அடுப்புப் போட்டிருந்தேன். இரண்டு அடுப்புத் தள்ளி சாரதா மாமி. மருமகளுக்கு நல்லபடியாக ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முழங்காலைப் பொருட்படுத்தாமல் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஊசி விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ராசியாகவில்லை.

நெருப்பு வந்தது. ஊரே புகைந்தது. என் பானையில் அரிசி அப்போதுதான் போட்டிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. ஸ்பீக்கரில் போட்டேன். ஸ்டெல்லா சிஸ்டர். "மேடம், கோட்டைப் பிள்ளை ராஜிக்கு வலி நல்லாப் பிடிச்சாச்சு. டியூட்டி மயக்க டாக்டர் தியேட்டர்ல அவசர சிசேரியன்ல நிக்காரு, இப்பம் வரமாட்டாரு. இந்தப் பிள்ளை ஒண்ணும் கேக்கல மேடம். கதவையே பாத்துக் கிடக்குது."

மூட்டிய அடுப்பு எதிரே. சொன்ன வாக்கு அங்கே. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடுப்பும் புகையும். சாரதா மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு விஷயம் அவருக்கும் தெரியும் என்பது அவர் முகத்திலிருந்து புரிந்தது. கையை ஊன்றி, அம்மாடி என்று எழுந்து, தன் பலகையை இழுத்து என் அடுப்புக்கும் தன் அடுப்புக்கும் நடுவில் போட்டார். நடுவில் இருந்த இரண்டு பெண்கள் தள்ளி இடம் விட்டார்கள்.

"போங்கோ," என்றார்.

"மாமி, தீர்த்தம் தெளிக்கலையே."

"நான் இங்கே எதுக்கு உக்காந்திருக்கேன்? அவளுக்கு நல்லபடியா ஆகணும்னுதானே. அதுக்காக எழுந்து போறவ பானை பொங்காதா? உங்களதையும் நான் பார்த்துக்கறேன். அவ கதவைப் பார்த்துண்டு கிடக்கா, போங்கோ."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். ஓட எங்கே முடிந்தது? ஒவ்வொரு அடிக்கும் ஒரு அடுப்பு. புகையில் கண் எரிந்து நீர் வழிகிறது. டாக்டர், டாக்டர், வழி விடுங்க என்று கெஞ்சிக்கொண்டு போனேன். ஒருத்தி நகர்ந்தால் பானையை நகர்த்த முடியவில்லை. பானையைச் சுற்றிப் போனால் விறகு. தம்பானூர்ப் பக்கம் திரும்புவதற்குள் நின்றேவிட்டேன். நேரமாகிக்கொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது, புகையால் மட்டும் இல்லை.

அப்போது எங்கிருந்தோ ஒரு குரல். "ஏ, நம்ம முதுகு டாக்டர்." கண்டக்டர் பெண். இடுப்பில் குழந்தை, கையில் அகப்பை. என் முகம் அவளுக்கு எப்படி ஞாபகம் இருந்தது என்று தெரியவில்லை. விஷயத்தை முழுதாகக் கூடக் கேட்கவில்லை. பிரசவம் என்ற சொல் காதில் விழுந்ததும் குழந்தையைப் பக்கத்து அடுப்புக்காரி கையில் திணித்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். அந்தத் தொண்டையை நான் ஏற்கெனவே அறிவேன். தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி, "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, டாக்டர் போகட்டும், ஓரமா நில்லுங்க," என்று போட்ட சத்தத்தில் ரோடே ஒதுங்கியது. பழக்க தோஷத்தில், "படியில நிக்காதீங்க," என்றும் ஒரு அதட்டு. ரோட்டில் ஏது படி. ஆனாலும் எல்லாரும் நகர்ந்தார்கள். அவள் குரல் முன்னே போனது, அதைக் கேட்டு அடுத்த அடுப்புக்காரி குரல் கொடுத்தாள், அதற்கடுத்தவள் அதை வாங்கிக் கொடுத்தாள். காலையில் நெருப்பு வந்த மாதிரியே எனக்கு வழி வந்தது. கண்டக்டர் பாதியில் தன் பானைக்குத் திரும்பிவிட்டாள். வழி மட்டும் ஆஸ்பத்திரி கேட் வரை போனது.

கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, உடை மாற்றி, தொப்பிக்குள் தலைமுடியைத் திணித்துக்கொண்டு நுழைந்தேன். உடை மாற்றலாம், புகை வாசனையை என்ன செய்ய. ராஜி கதவுப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். ஆனால் கண் மூடியிருந்தது. உதட்டில் பல் பதிந்த தடம். எனக்குப் பயமாகிவிட்டது. ராஜி, வந்துட்டேன் என்றேன். கண்ணைத் திறக்காமலே அவள் முகம் தளர்ந்தது. "தெரியும் டாக்டர். நீங்க திறக்கறதுக்கு முன்னாடியே பொங்கல் வாசனை வந்துடுத்து," என்றாள்.

ஸ்டெல்லா சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். "பைய வளைஞ்சு உக்காரு மக்களே, அசையாண்டாம்." புகையில் எரிந்த கண்ணை ஒரு தடவை நன்றாகச் சிமிட்டிக்கொண்டு, என் இடத்துக்கு, முதுகுப் பக்கத்துக்குப் போனேன். ஒரே குத்தில் ஊசி சரியான இடத்தில் நின்றது. குழாய் போனது, மருந்து போனது. ஒரு வலி வந்தது, அடுத்தது பாதியாக வந்தது, அதற்கடுத்தது வந்ததை மெஷின்தான் சொன்னது. இரண்டு பக்கமும் டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டேன். அந்தக் கதையை அவளுக்கு நான் முன்பே சொல்லியிருந்தேன். சிரித்தாள். அப்புறம் தூங்கினாள். இத்தனை வருஷமாக அவள் தூக்கத்தில் வந்துகொண்டிருந்த கதவு அன்று வந்ததா என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் வந்த மாதிரித் தெரியவில்லை.

பிற்பகலில் விழித்து, பிரசவ டாக்டர் சொன்னபோதெல்லாம் முக்கி, பெண்குழந்தை பெற்றாள். வெளியே ரோட்டில் தீர்த்தம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் குரவையிடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. அதற்குப் போட்டியாக இந்தக் குட்டியின் அழுகை. ராஜி குழந்தையை நெஞ்சில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஏதேதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். பாசம் எங்கேர்ந்து வரும் என்று கேட்டவர் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம், ரோடு திறந்ததும் அவர் வந்தார். ஒரு பானை அவர் இடுப்பில், இன்னொன்று, பொறுப்பில்லாதவன் என்று பெயரெடுத்த அவர் பிள்ளையின் கையில். முகமெல்லாம் கரி. நேரே குழந்தையிடம் போகாமல் முதலில் ராஜியிடம் போய் அவள் தலையில் கை வைத்தார். "வலிச்சுதா?" என்றார். "இல்லேம்மா," என்றாள் ராஜி. மாமி கை அப்படியே அவள் தலையைத் தடவியது. அவர் கண் கலங்கியிருந்தது. "நன்னாயிருக்கட்டும்," என்றார். அப்புறம் பிள்ளை கையிலிருந்த பானையை வாங்கி என்னிடம் கொடுத்தார். இலை போட்டு மூடி, துணியால் கட்டி, இன்னும் சூடாக இருந்தது. "உங்களது கிழக்கே பொங்கித்து. நான் பார்த்துண்டேதான் இருந்தேன்."

"உங்களது மாமி?"

"என்னதை யார் பார்த்தா? எந்தப் பக்கமோ பொங்கித்து."

என் வாழ்க்கையில் பிரசவ அறையிலிருந்து எனக்கென்று வந்த முதல் இனிப்பு அதுதான். பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்டெல்லா சிஸ்டரும் நானும் பானைக்குள் கரண்டியை விட்டுச் சாப்பிட்டோம். மாமியும் அம்மாடி என்று பக்கத்தில் உட்கார்ந்தார். நாள் முழுக்கப் பலகையில் உட்கார்ந்த முழங்காலைத் தடவிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். மருமகள் காதில் விழாது என்று நிச்சயமான பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"கேட்டேளா, அந்த ஊசி முட்டுக்கும் போடுவேளோ?"

யாருக்கும் முகம் ஞாபகம் இல்லாத தொழில் என்று இத்தனை வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். இப்போது கிழக்கேகோட்டையில் காய்கறி வாங்கப் போனால் அன்று வழி விட்டவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததும், "முதுகு டாக்டர்" என்று சிரித்துவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.